கொல்லிப் பாவை: உவமையில் அழகு, கதையில் கொலை – லோரெலை மரபோடு ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சங்கத் தொகை நூல்களில் உவமையாக வரும் கொல்லிமலைப் பாவை, பிற்கால உரைகளிலும் வழக்காறுகளிலும் நகைத்துக் கொல்லும் உருவமாக விளக்கப்படுகிறது. பாவை இடம்பெறும் ஏழு பாடல்களை நெருங்கி வாசித்து, நகையும் கொலையும் காவலும் அப்பாடல்களில் யாருக்கு உரியனவாகச் சொல்லப்பட்டுள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ரைன் ஆற்றங்கரையில் ஒரு பாறைப் பெயரிலிருந்து உருவான லோரெலைக் கதையும், ஜெர்மானியத் தொன்மவியல் ஆய்வில் எழுந்த முறையியல் சிக்கல்களும் ஒப்புநோக்கிற்குப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொல்லிப் பாவை, கொல்லிமலை, லோரெலை, வால்கிரி, இடம்சார் கதை, உவமை

முன்னுரை

இராசிபுரம், சேந்தமங்கலம் பகுதிச் சமவெளிகளில் நின்று கிழக்கே நோக்குபவருக்குக் கொல்லிமலை ஒரு நீண்ட சுவராகத் தோன்றும். சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கும் இம்மலையை வல்வில் ஓரியின் மலையாகவும் சேரர் மலையாகவும் சங்கப் புலவர்கள் பாடினர். அம்மலையின் மேற்குப் பகுதியில் பாவை ஒன்று இருந்ததாகவும் அவர்கள் கூறுகின்றனர். இன்று ‘கொல்லிப் பாவை’ என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது, அரக்கரைக் கண்டு சிரித்து, மயக்கி, உயிர் வாங்கும் பெண் உருவமே. அண்மைக்கால எழுத்துகள் சில இன்னும் ஒரு படி மேலே சென்று, அது பண்டைத் தமிழர் செய்த இயந்திரப் பொறி என்றும், இன்றைய ரோபோவுக்கு முன்னோடி என்றும் உரைக்கின்றன. இவற்றுக்கெல்லாம் சங்கப் பாடல்களே சான்றாகக் காட்டப்படுகின்றன. பாடல்கள் உண்மையில் அவ்வாறு கூறுகின்றனவா என்பதே இங்கு எழும் வினா. விடை எதுவாயினும், பழந்தமிழ்ப் பனுவலைச் சான்றாகக் கையாளும் முறையோடு அது தொடர்புடையது.

ஏழு பாடல்கள்

குறுந்தொகை 89, 100. நற்றிணை 185, 192, 201. அகநானூறு 62, 209 ஆகிய ஏழு பாடல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஏழும் அகப்பாடல்கள். ஏழிலும் பாவை தலைவிக்கு உவமையாகவே வருகிறது. பாவையைப் பற்றிய செய்தியைத் தனியே கூறுவது எப்புலவரின் நோக்கமும் அன்று. தலைவியின் அழகையோ மடமையையோ அவள் நெஞ்சில் நிலைபெற்ற தன்மையையோ சொல்ல வந்த இடத்தில், கேட்போர் அனைவரும் அறிந்த பொருளாகப் பாவையைச் சுட்டிச் செல்கின்றனர்.

பாவை எவ்வாறு உண்டாயிற்று என்பதில் புலவர்களிடையே சொல்வேறுபாடு உண்டு. குறுந்தொகை 89, நற்றிணை 185, அகநானூறு 62 ஆகியன தெய்வம் அல்லது கடவுள் அதனை ‘எழுதியது’ என்கின்றன. அகநானூறு 209 ‘ஆக்கிய’ என்கிறது. நற்றிணை 192 பூதம் ‘புணர்த்த’ பாவை என்கிறது. எழுதுதல் ஓவியத்தையோ கோட்டுருவையோ நினைவூட்டும். புணர்த்தல் பல உறுப்புகளைப் பொருத்தி அமைத்தலைக் குறிக்கும். இயந்திரக் கொள்கையினர் பற்றிக்கொள்ளக்கூடிய ஒரே சொல் இந்தப் ‘புணர்த்த’ என்பதுதான். ஆயின், மண்ணாலும் சுதையாலும் ஓர் உருவை வனைவதற்கும் அச்சொல் பொருந்தும். அப்பாவை அசைந்ததாக ஏழு பாடல்களில் எதுவும் கூறவில்லை. மாறாக, நற்றிணை 201 அதன் அசையாமையையே சிறப்பித்துப் பேசுகிறது. காற்று மோதினாலும், மழை கடுகிப் பெய்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகிய உருவம் கெடாத பாவை அது. அதுபோலத் தலைவியும் தன் நெஞ்சை விட்டு நீங்காள் என்று தலைவன் பாங்கனுக்கு விடையளிக்கிறான். இயங்காமையை உவமைக்கு அடிப்படையாகக் கொண்ட பாடலை இயந்திரத்திற்குச் சான்றாக்குவது பொருந்தாது.

காவல் பற்றியும் இதே பாடல் தெளிவாகப் பேசுகிறது. பிற்காலக் கதையில் பாவைதான் மலையைக் காக்கிறது. நற்றிணை 201இல் மலைமுடியைக் காப்பது தெய்வம். பாவை அக்காவலுக்குள் இருக்கும் ஒரு பொருள் மட்டுமே. பாவை ஏன் செய்யப்பட்டது என்னும் கேள்விக்கு அகநானூறு 62 நேரடியாகவே விடை தருகிறது. அருவிநீர் ஒளிரும் மலைப்பக்கத்தின் அகன்ற இடம் பொலிவு பெறும்பொருட்டுக் கடவுள் அதனை எழுதினார் என்கிறார் பரணர். அவர் கூறும் நோக்கம் அழகுதான்.

நற்றிணை 192 இதனினும் வலுவான சான்று. இரவில் மலைவழியே தலைவியைக் காண வருகிறான் தலைவன். அவ்வழியில் குருதி வேட்கை கொண்ட புலி யானைக்காகக் காத்திருக்கிறது. தலைவி அஞ்சுகிறாள். இளவெயிலில் தோன்றும் கொல்லிப் பாவை போன்ற உன் அழகை நினைத்து வந்தால் அந்த வழி எனக்குப் பாதுகாப்பாகிவிடும் என்று அவன் தேற்றுகிறான். கண்டாரைக் கொல்லும் உருவமாகப் பாவை அக்காலத்தில் அறியப்பட்டிருந்தால், அஞ்சி நடுங்கும் பெண்ணைத் தேற்ற வந்தவன் அதனை உவமை கூறியிருப்பானா? (மேற்குச் சரிவில் காலைக்கதிர் சற்றுத் தாமதித்தே விழும். மலைமுகட்டைத் தாண்டி வரும் முதல் வெளிச்சம் படும் நேரத்தைப் புலவர் கருதியிருக்கலாம். அது சமவெளியிலிருந்து பார்ப்பவரின் காட்சியாகவும் எனக்குத் தோன்றுகிறது.)

அஞ்சத்தக்க பெண்தெய்வங்களைக் குறிக்கச் சங்கப் புலவருக்குச் சொற்கள் இல்லாமலில்லை. அணங்கு, சூர், சூரரமகளிர், வரையரமகளிர் என ஒரு சொற்குழுவே இருந்தது. மலையிடங்களில் ஆடும் சூரரமகளிரைத் திருமுருகாற்றுப்படை விரிவாகவே காட்டுகிறது. கொல்லிப் பாவைக்கு இச்சொற்கள் எவையும் இந்த ஏழு பாடல்களில் அடையாக வரவில்லை. குறுந்தொகை 89இல் ‘பேஎம்’ என்னும் அச்சச் சொல் வருவது உண்மையே. ஆனால் அது மலைக்கு அடைமொழி. அடுத்து வரும் பாவைக்கு நல்லியல்பே அடையாகிறது. அச்சம் மலையினது, நன்மை பாவையினது என்னும் இப்பகுப்பைப் பிற்கால வாசிப்பு கலைத்துவிட்டது.

நகையும் கொலையும் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகை நூல்கள் அச்சேறியபோது உரையாசிரியர்கள் கொல்லிப் பாவைக்குக் குறிப்பு எழுத நேர்ந்தது. பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணைப் பதிப்பு 1915இலும், உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937இலும் வெளிவந்தன. இக்கால உரைக்குறிப்புகளின் வழியே பரவிய கதை இது: கொல்லிமலையில் வாழ்ந்த தேவரையும் முனிவரையும் அவுணரும் அரக்கரும் துன்புறுத்தினர். அவர்களைத் தடுக்கத் தெய்வத்தச்சன் ஒரு பெண்ணுருவை மலையின் மேற்பால் அமைத்தான். அரக்கரின் வாடை பட்டதும் அது நகைத்து, அவர்தம் கண்ணையும் மனத்தையும் கவர்ந்து, வேட்கையுறச் செய்து, இறுதியில் கொன்றுவிடும். உரையாசிரியர்கள் இதனைத் தாமாகப் புனைந்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. தம் காலத்தில் வழங்கிய செய்தியைப் பாடலுக்கு விளக்கமாகத் தந்தனர். அவ்விளக்கம் பாடலோடு ஒன்றாக அச்சிடப்பட்டதால், நூற்றாண்டு கழித்து வாசிப்பவர் இரண்டையும் ஒரே காலத்தனவாகக் கொள்கிறார்.

கதையின் கூறுகள் எங்கிருந்து வந்தன? பாடல்களிலேயே அவற்றின் விதைகள் கிடக்கின்றன என்பது என் கருத்து. ஆனால் அவை பாவைக்கு உரியனவாகக் கிடக்கவில்லை. அகநானூறு 62இன் தொடக்கத்தில் நகையால் பொலியும் பற்கள் வருணிக்கப்படுகின்றன; அவை தலைவியின் பற்கள். பாவை பாடலின் இறுதியிலேதான் வருகிறது. நற்றிணை 185இல் கொலை பேசப்படுகிறது. பாவை போன்றவள் தன்னைக் கொல்லக் கருதிவிட்டாள் என்று காமநோய் மிக்க தலைவன் புலம்புகிறான். அங்கும் கொல்பவள் தலைவி. பாவை அவள் எழிலுக்கு உவமை. வாசிப்பு மரபில் உவமேயத்தின் பண்புகள் மெல்ல நகர்ந்து உவமைமேல் ஏறிக்கொண்டன. தலைவியின் புன்னகை பாவையின் நகையாயிற்று. தலைவன் மிகைப்படக் கூறிய கொலை பாவையின் தொழிலாயிற்று. காவல், நற்றிணை 201இன் தெய்வத்திடமிருந்து பெயர்ந்திருக்க வேண்டும். பூதம் செய்தது என்னும் நற்றிணை 192இன் குறிப்பும் இதற்கு உதவியிருக்கலாம். புகாரின் சதுக்கப் பூதம் தீயோரைப் புடைத்து உண்ணும் என்று சிலப்பதிகாரம் கூறுவதால், பூதத்தின் கைப்பொருளும் தண்டிக்கும் என எண்ணுவது இயல்பு.

இவற்றினும் வலியது பெயர். ‘கொல்லிப் பாவை’ என்னும் தொடர் இன்று நம் காதில் ‘கொல்லும் பாவை’ என்றே ஒலிக்கிறது. ஏழு பாடல்களுள் ஒன்றிலேனும் ‘கொல்லி’யும் ‘பாவை’யும் அடுத்தடுத்து நின்று ஒரு தொகையாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இரண்டுக்கும் இடையே மேற்கு மலையோ, செய்த தெய்வமோ, வேறு அடைமொழியோ எப்போதும் வருகிறது. கொல்லி அங்கே ஓர் இடப்பெயர் மட்டுமே. இடையில் உள்ள சொற்கள் உதிர்ந்து ‘கொல்லிப் பாவை’ என்ற சுருக்கம் நிலைத்தபின்பே, இடப்பெயர் வினைமுதற் பெயராகக் கேட்கத் தொடங்கியது.

ரைன் ஆற்றுப் பாறை

ஓர் இடப்பெயர் பெண்ணாகிக் கொலைத்தொழிலும் ஏற்ற வரலாறு ஜெர்மனியில் நாள்குறிப்போடு கிடைக்கிறது. சாங்ட் கோவார்ஸ்ஹௌசன் அருகே ரைன் ஆற்றின் வலக்கரையில் 132 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை நிற்கிறது. அவ்விடத்தில் ஆறு குறுகி வளைகிறது. நீரடிப் பாறைகளால் முற்காலத்தில் படகுகள் உடைவது வழக்கமாக இருந்தது. பாறையின் எதிரொலியும் பழங்காலந்தொட்டே பெயர்பெற்றது. லோரெலை என்னும் பெயரின் பின்பகுதியான ‘லை’ அவ்வட்டார வழக்கில் பாறையைக் குறிக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் மார்னர் நிபெலுங் புதையல் இம்மலையில் கிடப்பதாகக் குறிப்பிடுகிறார். பாறைக்குள் வாழும் குள்ளர்களே எதிரொலி எழுப்புகின்றனர் என்னும் நம்பிக்கையும் இருந்தது. புதையலும் குள்ளரும் இருந்த அந்தப் பழஞ்செய்திகளில் பெண் இல்லை.

பெண் வந்தது 1801இல். கிளெமென்ஸ் பிரென்டானோ தம் ‘கோட்வி’ என்னும் புதினத்தில் ஒரு கதைப்பாடலைச் சேர்த்தார். பாறைப் பெயரை இரண்டாகப் பிரித்து ‘லோரெ லை’ என ஒரு பெண்ணுக்குச் சூட்டினார். பாகராக் ஊரைச் சேர்ந்த அவளைக் கண்ட ஆடவர் மயங்கி அழிகின்றனர். விசாரிக்க அழைத்த ஆயரும் அவள் அழகுக்கு ஆட்படுகிறார். கன்னிமடத்துக்கு அழைத்துச் செல்லப்படும் வழியில் அவள் பாறைமேல் ஏறி ஆற்றில் வீழ்கிறாள். கொல்ல விரும்பாமலே கொல்லும் அழகு அது. பின்னர் 1824இல் ஹைன்ரிஹ் ஹைனெ எழுதிய கவிதையில், அவள் பாறையுச்சியில் பொற்கூந்தலைச் சீவிக்கொண்டு பாடுகிறாள். கேட்ட படகோட்டி பாறையைப் பாராமல் மூழ்குகிறான். இது பழங்காலத்துக் கதை என்று அக்கவிதையே கூறுகிறது. அக்‘பழமை’க்கு அப்போது வயது இருபத்துமூன்று. சில்ஹரின் மெட்டு அதனைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. பயணக் கையேடுகள் அதனைத் தொல்கதையாகவே அச்சிட்டன. பயணிகளும் அவ்வாறே நம்பினர்.

இரு மரபுகளையும் அருகருகே வைத்தால் ஒற்றுமையோடு முக்கியமான வேறுபாடும் புலப்படும். ரைன் கரையில் பாறைப் பெயரிலிருந்தே ஒரு பெண்ணைக் கவிஞர் படைத்தார். கொல்லியில் பெண்ணுரு முன்னரே இருந்தது. மலைப்பெயர் அவளுக்குக் கொலையை மட்டும் தந்தது. லோரெலையின் ஆசிரியரும் ஆண்டும் தெரியும். கொல்லிக் கதைக்கு ஆசிரியர் இல்லை. ஊரும் உரையும் சேர்ந்து வளர்த்தது அது. ஆதலின் கொல்லிக் கதையைப் ‘போலி’ என்று தள்ளவும் முடியாது.

பின்னோக்கி வாசித்தலின் இடர்

யாகோப் கிரிம் 1835இல் வெளியிட்ட ‘ஜெர்மானியத் தொன்மவியல்’ நாட்டார் வழக்காற்றியலுக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்று. சிற்றூர்களில் வழங்கும் நீர்மகளிர், குள்ளர், வீட்டுத்தேவதைகள் பற்றிய கதைகளை மறைந்துபோன பழஞ்சமயத்தின் எச்சங்களாகக் கொண்டு, அச்சமயத்தை மீட்டுருவாக்க அவர் முயன்றார். அம்முயற்சியின் பரப்பு இன்றும் வியக்கத்தக்கது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேட்ட கதை ஆயிரம் ஆண்டு மாறாமல் வந்ததெனக் கொள்வதில் உள்ள இடரைப் பின்வந்தோர் சுட்டினர். எழுத்து மூலங்களிலும் அதே சிக்கல் உண்டு. வடபுலத் தெய்வங்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதியைத் தரும் ஸ்னோர்ரி ஸ்டுர்லுசனின் ‘எட்டா’ 1220 அளவில் எழுதப்பட்டது. ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்றது 1000ஆம் ஆண்டளவில். ஸ்னோர்ரி தம் முன்னோரின் தெய்வங்களை இரண்டு நூற்றாண்டுத் தொலைவிலிருந்து எழுதிய கிறித்தவர் என்பதை நினைவிற்கொண்டே இன்றைய ஆய்வாளர் அந்நூலை வாசிக்கின்றனர். நம் சங்கப் பனுவல்களுக்கும் அவற்றின் அச்சுக்கால உரைகளுக்கும் இடையேயான தொலைவு அதனினும் பன்மடங்கு பெரிது.

பாவைக்கு நேர்ந்ததன் மறுதலையை வால்கிரிகளிடம் காணலாம். வால்கிரி என்னும் பெயர் போரில் மாள்வோரைத் தேர்ந்தெடுப்பவள் எனப் பொருள்படும். நியால் சாகாவில் இடம்பெற்ற ஒரு பழம்பாட்டில், அவர்கள் தறியில் அமர்ந்து போரின் முடிவை நெய்கின்றனர். மனிதக் குடல்கள் அத்தறியின் பாவும் ஊடையும். வெட்டுண்ட தலைகள் எடைக்கற்கள். இதே பெண்கள் ரிஹார்ட் வாக்னரின் இசைநாடகம் 1870இல் மியூனிக்கில் அரங்கேறியபோது கவசம் அணிந்த எழில்மிகு வீராங்கனைகளாக நின்றனர். இன்று பலர் மனத்தில் உள்ள வால்கிரி இந்த மேடை வால்கிரியே. அங்கே கொடுமை அழகாயிற்று. இங்கே அழகு கொடுமையாயிற்று. தொன்ம உருவங்கள் காலப்போக்கில் மென்மையடையும் என்று பொதுவிதி கூறுவோர் கொல்லிப் பாவையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சமவெளியின் காவலும் மலையின் காவலும்

கொலைக்கதை ஏன் நிலைத்தது என்பதற்குச் சொல்மயக்கம் மட்டுமே காரணமாகாது. கதை ஒரு தேவையை நிறைவேற்றாவிடில் நிலைக்காது. சேலம், நாமக்கல் சமவெளிகளில் ஊரெல்லையிலும் சாலையோரத்திலும் அமர்ந்திருக்கும் முனியப்பன் உருவங்களை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பிதுங்கிய கண், முறுக்கிய மீசை, கையில் ஓங்கிய அரிவாள் எனச் சுதையால் பேருருவாக அமைக்கப்பெற்ற இக்காவல் தெய்வம் தன் அச்சத்தை மறைப்பதில்லை. தீய எண்ணத்தோடு வருபவன் தொலைவிலேயே கண்டு திரும்ப வேண்டும் என்பதே அவ்வுருவின் நியாயம். மலையின் பாவை இதற்கு நேர்மாறான காவல். அது வருபவனைத் தடுப்பதில்லை, அழைக்கிறது. அவனுடைய வேட்கையே அவனுக்குத் தண்டனையாகிறது. எல்லையில் காவல் தெய்வம் நிற்க வேண்டும் என்னும் வழக்காற்றின் கண்கொண்டு பார்த்த மக்களுக்கு, சமவெளியை நோக்கிய மேற்குச் சரிவில் நிற்கும் ஓர் உருவம் வெறும் அழகுப்பொருளாக இருந்திருக்க முடியாது. கபிலர் காலத்தில் அது ஓரியின் மலைப்பாவை. கல்லாடனார் பாடியபோது, காரி ஓரியைக் கொன்று சேரர்க்கு ஈந்த மலைப்பாவை. மலையின் உரிமை கைமாறியபோதும் பாவை மலையோடு இருந்தது. அரசர்கள் மறைந்த பின்னர் மலையைக் காக்கும் பொறுப்பு அவளிடம் வந்ததாக மக்கள் கருதியதில் வியப்பில்லை.

இப்பொறுப்பின் இன்றைய வடிவமே கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் எனப் போற்றப்படும் தெய்வம். கொல்லிப் பாவை இவளே என்று அங்கு வழிபடுவோர் கூறுகின்றனர். மாசி பெரியண்ணசாமியைக் குலதெய்வமாகக் கொண்ட சமவெளிக் குடும்பங்கள் இம்மலைக்கு ஏறி வருவதைப் போலவே, இந்த அம்மனை நாடியும் வருகின்றன. சங்கப் பாடல்கள் பாவையின் கைகளை எண்ணவில்லை. படையோ பலியோ அதற்குக் கூறவுமில்லை. எட்டுக் கைகள் துர்க்கை, காளி முதலிய சக்தி வடிவங்களின் படிம மரபிலிருந்து வந்தவை. பரணர் பாடிய பாவையை யாரும் தொழுததாகப் பாடல்களில் குறிப்பில்லை. அது பலர் புகழ்ந்த ஓர் உருவம். இன்றைய அம்மனுக்கு முன்னால் நிற்பவரோ அவளைப் புகழ வந்தவர் அல்லர். வேண்டுதலோடும் சற்று அச்சத்தோடும் வந்தவர்.